ஒரு வயலுக்கு இரண்டு வரைபடம்: மண்ணைப் பார்த்து உரம் போடுவது எப்படி?

2021இல் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டபோதுதான் எங்கள் வீட்டில் உரத்தைக் கிலோக் கணக்கில் எண்ணத் தொடங்கினோம். அதுவரை மட்டக்களப்பின் படுவான்கரையில் உள்ள எங்கள் இரண்டு ஏக்கருக்கும் ஒரே அளவாகவே வீசிவந்தோம். வாய்க்கால் தலைப்பில் பயிர் கரும்பச்சையாக வளர்ந்து சாயும். கடைசித் துண்டில் வெளிறி நிற்கும்.

1. சதுரக்கோட்டுக் கொப்பியில் வயலை வரையுங்கள். வரம்பு, வக்கடை (வரம்பில் தண்ணீர் விடும் திறப்பு), மேடு, பள்ளம், வைக்கோல் குவிக்கும் இடம் எல்லாம் வேண்டும். எந்த மூலையில் தண்ணீர் முந்தி வற்றும் என்பதை அப்பாவிடம் கேட்டே நான் குறித்தேன். அதைக் கொண்டு வயலை மூன்று நான்கு பகுதிகளாகப் பிரியுங்கள்.

2. அறுவடைக்குப் பின், உரம் போடுவதற்கு முன் மண் எடுங்கள். ஒரு பகுதியில் வளைந்து வளைந்து நடந்து 10 இடங்களில், 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு 'வி' வடிவக் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரிலிருந்து ஒரு சீவல். பிளாஸ்ரிக் வாளியே நல்லது. நாகம் (துத்தநாகம்) பூசிய வாளி நாகச் சோதனையைக் கெடுத்துவிடும்.

இந்த இடத்தில்தான் நான் ஒரு போகத்தை இழந்தேன். மேட்டுப் பகுதியில் எடுத்த பத்துக் குழிகளில் இரண்டு, பழைய வைக்கோல் போர் எரிந்த இடத்தில் விழுந்தன. நெற்பயிர் உறிஞ்சும் பொற்றாசியத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் வைக்கோலிலேயே தங்குகிறது. எரித்தால் சாம்பலோடு அங்கேயே குவியும். அந்த இரண்டு சீவல்களும் பகுதி முழுவதையும் வளமாகக் காட்டின. நம்பி, பொற்றாசிய உரமான எம்ஓபியைக் குறைத்தேன். கதிரில் பதர் மிகுந்தது. வைக்கோல் குவித்த இடம், வரம்போரம், வக்கடை வாய், எருக்கும்பி ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் ஒரே வாளியில் கலக்கவும் கூடாது.

3. ஒரு பகுதியின் சீவல்களைக் கலந்து சாக்கில் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகள் இரண்டைக் கழித்துவிடுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்து, நிழலில் உலர்த்துங்கள். துண்டுச்சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரையும். பரிசோதனைக்கு அனுப்பும் வழியைக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கலாம்.

4. முடிவு வந்ததும் வயல் படத்தைப் பொசுபரசுக்கு ஒரு தாளிலும் பொற்றாசியத்துக்கு ஒரு தாளிலும் படியெடுத்து, பகுதிகளுக்கு நிறம் தீட்டுங்கள். வயல் நிலத்தில் ஓல்சன் முறைப்படி (மண்ணின் பொசுபரசை அளக்கும் ஓர் ஆய்வுகூட முறை) பொசுபரசு 5 பிபிஎம்மிற்கு (பத்து இலட்சத்தில் 5 பங்கு) கீழே இருந்தால் சிவப்பு, 10 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. பச்சைப் பகுதியில் பொசுபரசு உரமான டிஎஸ்பியைக் குறைக்கலாம். எவ்வளவு என்பதையும் பொற்றாசியத் தாளின் நிற எல்லைகளையும் போதனாசிரியரோடு பேசித் தீர்மானியுங்கள்.

கணினி வரைபடம் இரண்டு ஏக்கருக்குத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. கைபேசியின் ஜிபிஎஸ் சில மீற்றர் பிசகினாலே புள்ளி வரம்பைத் தாண்டிவிடும். நான்கு புள்ளிகளுக்கு இடையில் கணினி நிரப்பும் நிறம் அளந்து பெற்றதல்ல, ஊகம்.

பிற்சேர்க்கை: யூரியாவுக்கும் இப்படி வரையலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். வயலில் நைதரசன் வேகமாக மாறிக்கொண்டே இருக்கும். அதற்கு இலை நிற அட்டையை (பச்சை நிறப் படிகள் கொண்ட அட்டை) பயிரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சரி. வாவியோரம் வயல் உள்ளவர்கள் மண்ணின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறனையும் சேர்த்துச் சோதியுங்கள். அங்கே பயிர் வெளிறுவதற்கு உப்பும் காரணமாக இருக்கலாம். அப்படியானால் உரம் கூட்டுவது பயன் தராது.