பாலர் பள்ளிகளுக்கு உதவுகிறோம் என்று செய்யும் தவறுகள்

ஜூலை 18 மண்டேலா நாள். அன்று 67 நிமிடம் சேவை செய்வது தென்னாப்பிரிக்க வழக்கம். டர்பனில் தமிழர்களான நம்மவர்களும் தகரக் குடியிருப்புப் பாலர் பள்ளிகளுக்குப் பெயிண்ட் வாளியோடும் பொம்மைகளோடும் போகிறார்கள். போக வேண்டியதுதான். ஆனால் சுவர் பளபளத்துவிட்டால் குழந்தை கற்றுவிடுமா?

கட்டடம் எழுப்புவது நமக்குப் பழகிய தர்மம். அன்றைய அரசு கைகொடுக்கத் தயங்கியபோது, இந்தியப் பிள்ளைகளுக்காக நம் முன்னோர் காசு திரட்டிப் பள்ளிகள் கட்டினார்கள். இன்று இந்தப் பாலர் பள்ளிகளை வாட்டும் குறை வேறு: குழந்தைகளோடு நாள் முழுவதும் இருக்கும் பெண்ணின் சம்பளம். ஏழைக் குழந்தை ஒன்றுக்கு அரசு மானியம் பல ஆண்டுகளாக நாளொன்றுக்கு 17 ரேண்டாகவே கிடந்தது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 24 ஆக உயர்த்தினார்கள். முப்பது குழந்தைகள் என்றால் ஒரு நாளுக்கு 720 ரேண்டு. சாப்பாடு, சம்பளம், மற்றச் செலவு எல்லாம் அதற்குள்ளேயே. நல்ல ஆசிரியை வேறு வேலை தேடிப் போனால், அவரிடம் ஒட்டிக்கொண்ட குழந்தைகள்தான் முதலில் தவிக்கின்றன. பொம்மைக்கு ஒதுக்கும் பணத்தை மாதாமாதம் அவருக்கே கொடுங்கள். அவருடைய பயிற்சிக் கட்டணத்தைக் கட்டுங்கள். என்ன வாங்குவது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

நான்கு வயதுக் குழந்தையை ஆங்கில எழுத்துகளை உருப்போட வைப்பது அடுத்த தவறு. 2021இல் நடந்த பன்னாட்டு வாசிப்புத் தேர்வில் இந்நாட்டு நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினருக்குப் படித்ததன் பொருள் புரியவில்லை. இதைக் கேட்டதும் ஆங்கிலத்தை இன்னும் சீக்கிரம் தொடங்கலாம் என்று தோன்றுகிறது. அது தவறான முடிவு. ஜூலு பேசும் குழந்தைக்கு ஜூலுவில் கதை சொல்ல வேண்டும், பாட வேண்டும், கேள்வி கேட்டு அதன் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பேச்சு வளமானால் எழுத்து பின்னால் வரும். பாட்டியின் மொழி பேரனிடம் வந்து சேராமல் போன வீடுகள் நம்மிடையே எத்தனை! நமக்கா இதைச் சொல்லித் தர வேண்டும்?

இனிப்பும் சிப்ஸும் வேண்டாம். பருப்பும் முட்டையும் கொடுங்கள்.

பதிவை மறந்துவிடுவதும் பெருந்தவறு. பதிவில்லாத பாலர் பள்ளிக்கு அந்த மானியமும் எட்டாது. 2022 ஏப்ரலில் பாலர் பள்ளிகளைக் கவனிக்கும் அரசுப் பொறுப்பு சமூக மேம்பாட்டுத் துறையிடமிருந்து அடிப்படைக் கல்வித் துறைக்கு மாறியது. நில அனுமதி, சுகாதாரச் சான்று என்று காகிதங்களுக்காகப் பள்ளி நடத்தும் பெண்கள் வகுப்பை விட்டுவிட்டு அலைகிறார்கள். நம் சங்கங்களில் கணக்காளர்கள் உண்டு, வழக்கறிஞர்கள் உண்டு, மாநகராட்சியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களும் உண்டு. ஒரு பள்ளியின் பதிவுக் கோப்பை ஒருவர் ஏற்றுக்கொண்டு, சான்று கைக்கு வரும்வரை விடாமல் பின்தொடரட்டும்.