காருடன் வந்த டயர்கள் எவ்வளவு காலம் உழைக்கும், எப்போது மாற்ற வேண்டும்?

புதிய காருடன் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வரும் டயர்கள் பெரும்பாலும் 40,000 முதல் 60,000 கிலோமீட்டர் வரை உழைக்கின்றன. ஆனால் ஒரே மாடல் காரில் வந்த அதே டயர், நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டுபவருக்கு 60,000 கிலோமீட்டரைத் தாண்டுவதும், நெரிசலில் அடிக்கடி பிரேக் பிடித்து வேகமெடுப்பவருக்கு 30,000 கிலோமீட்டரிலேயே தேய்ந்துபோவதும் சாதாரணம். ஆகவே ஓடிய தூரத்தை வைத்து டயரைக் கவனமாகப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டதா என்று அறியலாமே தவிர, மாற்றும் நாளை முடிவு செய்ய முடியாது. அதற்கு டயரின் தரைபடும் பகுதியில் உள்ள பள்ளத்தின் ஆழம், டயரின் வயது, தேய்ந்திருக்கும் விதம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

முதல் செட் டயர் சீக்கிரம் தேய்ந்துவிட்டால், தரம் குறைந்ததைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று பலர் குறைப்படுவதுண்டு. அது பெரும்பாலும் சரியல்ல. கார் நிறுவனம் டயரைத் தன் தேவைக்கேற்பச் செய்து வாங்குகிறது. சொகுசான ஓட்டம், குறைந்த இரைச்சல், நல்ல மைலேஜ் ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுக்கும்போது நீண்ட உழைப்பு சற்றுப் பின்னுக்குப் போகலாம். இப்படித் தனியாகச் செய்யப்பட்ட டயர்கள் சிலவற்றின் பக்கவாட்டில் அடையாளமும் இருக்கும்: பிஎம்டபிள்யூ காருக்கானதில் நட்சத்திரக் குறி, மெர்சிடிஸ் காருக்கானதில் ‘எம்.ஓ.’ என்ற எழுத்துகள். அதே பெயரில் பின்னர் கடையில் வாங்கும் டயர் கூடுதலாக உழைத்தால் வியப்பதற்கில்லை. மின்சாரக் கார்களில் பேட்டரியின் எடையும் புறப்பட்ட கணமே கிடைக்கும் இழுவிசையும் சேர்ந்து தேய்மானத்தை இன்னும் விரைவுபடுத்துகின்றன.

புதிய கார் டயரின் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். பல நாடுகளின் சட்டப்படி அது 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. இதைக் கண்டறியக் கருவி கட்டாயமில்லை. காரை நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பினால் முன்சக்கரத்தின் தரைபடும் பகுதி வெளியே தெரியும். டயரின் தோள்பகுதியில் உள்ள சிறு முக்கோணத்தையோ ‘டி.டபிள்யூ.ஐ.’ என்ற எழுத்துகளையோ தேடி, அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால் குறுக்கே ஒரு ரப்பர் மேடு இருக்கும். பட்டன், அதாவது பள்ளங்களுக்கு இடையே தரையில் படும் ரப்பர், தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்துவிட்டது.

ஆனால் அதுவரை காத்திருப்பது மழைக்காலத்தில் ஆபத்து. பள்ளம் ஆழமாக இருந்தால்தான் சக்கரத்தின் அடியில் சேரும் நீர் வெளியேறும். ஆழம் குறையக் குறைய, கார் இன்னும் குறைந்த வேகத்தில் போகும்போதே டயர் நீரின் மேல் மிதந்து பிடிமானத்தை இழந்துவிடும். எனவே ஈரச் சாலையில் ஓட்ட வேண்டியவர்கள் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது என்பதே என் கருத்து. ஆழம் பார்க்கும் சிறிய அளவுகோல் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டயரிலும் உள்ளோரம், நடு, வெளியோரம் ஆகிய மூன்று இடங்களிலும் அளந்து, ஓடிய தூரத்துடன் குறித்து வைத்தால் மாற்றும் காலத்தை முன்கூட்டியே கணிக்கலாம். உதாரணமாக, 8 மில்லிமீட்டரில் தொடங்கிய டயர் 30,000 கிலோமீட்டரில் 5 மில்லிமீட்டர் காட்டினால், அது 10,000 கிலோமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் வீதம் தேய்கிறது. 50,000 கிலோமீட்டரை நெருங்கும்போது 3 மில்லிமீட்டருக்கு வந்துவிடும்.

குறைவாக ஓட்டுபவர்களின் டயரில் பட்டன் நிறைய இருக்கும்போதே வயதாகிவிடுவதுண்டு. பக்கவாட்டில் ‘டி.ஓ.டி.’ எனத் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்புத் தேதியைக் காட்டும்: 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இந்த இலக்கங்கள் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்து, அந்தப் பக்கம் உட்புறமாகத் திரும்பியிருக்கலாம். அப்போது டார்ச் அடித்துக் குனிந்துதான் பார்க்க வேண்டும். வெயிலும் ஓசோனும் ரப்பரை இறுகச் செய்து பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். வெடிப்பைத் தடுக்க ரப்பரில் கலக்கப்படும் பொருள் டயர் ஓடி நெகிழும்போதுதான் மேற்பரப்புக்கு நன்றாக வரும் என்பதால், நிறுத்தியே வைத்திருக்கும் காரின் டயர் விரைவில் வெடிப்பு காண்கிறது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுக்கு ஒரு முறை தேர்ந்த ஒருவரிடம் காட்டுவதும், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாமல் இருப்பதும் டயர் நிறுவனங்கள் தரும் பொதுவான அறிவுரை. சில கார் நிறுவனங்கள் ஆறு ஆண்டுகளிலேயே மாற்றச் சொல்கின்றன. ஸ்டெப்னிக்கும் இந்த வயதுக் கணக்கு உண்டு.

தேய்ந்திருக்கும் விதம் காரணத்தையும் காட்டிக்கொடுக்கும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், விலகியிருக்கிறது. உள்ளங்கையால் டயரின் குறுக்கே ஒரு திசையில் தடவும்போது வழுவழுப்பாகவும், எதிர்த்திசையில் ரம்பம்போல் உரசுவதாகவும் இருந்தால் அதுவும் அலைன்மென்ட் கோளாறுதான். ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் வீல் பேலன்சிங்கையும் சோதிக்க வேண்டும். காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே இடத்தில் தேயும். மாதம் ஒரு முறை டயர் சூடாகும் முன், ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்ட அளவின்படி காற்று பார்ப்பதும், 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்பின் மாற்றிப் போடுவதும் ஆயுளை நீட்டும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்ச அழுத்தம். அந்த அளவுக்குக் காற்று அடிக்கக் கூடாது.

ஆழமும் வயதும் சரியாக இருந்தாலும் உடனே மாற்ற வேண்டிய நிலைமைகள் உண்டு. பக்கவாட்டில் வீக்கம் தெரிந்தால் உள்ளே இழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். அது எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். உள்ளிழை வெளியே தெரியும் வெட்டு, பக்கவாட்டில் பஞ்சர், 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துளை ஆகியவற்றையும் ஒட்டிப் பயன்படுத்தக் கூடாது. காற்று இறங்கிய நிலையில் சிறிது தூரம் ஓடிவிட்ட டயரைக் கழற்றி உட்புறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் தூள் உதிர்ந்து கிடந்தால் அதன் பக்கச்சுவர் நைந்துபோயிருக்கும்.

மாற்றும்போது அளவு மட்டும் பொருந்தினால் போதாது. 195/65 ஆர்15 91எச் என்பதில் 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதையும், எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை செல்லலாம் என்பதையும் குறிக்கும். கார் நிறுவனம் சொன்னதைவிட இவை குறையக் கூடாது. இரண்டு மட்டும் மாற்றுவதானால், முன்சக்கர இழுவைக் காராக இருந்தாலும் புதியவற்றைப் பின்னால் போட வேண்டும். ஈரச் சாலையில் பின்சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், அதைக் கட்டுப்படுத்துவது கடினம். நான்கு சக்கரங்களும் இழுக்கும் காரில் ஆழ வேறுபாடு இழுவை அமைப்பையே பாதிக்கலாம் என்பதால் நான்கையும் ஒன்றாக மாற்றுவதே பொருத்தம். கடையில் பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் செய்து, ரப்பர் வால்வுகளையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் சக்கர நட்டுகளின் இறுக்கத்தை ஒரு முறை சரிபார்க்கவும். புது ரப்பரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும் என்பதால், முதல் சில நூறு கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக்கையும் வேகமான வளைவுகளையும் தவிர்க்கவும்.