ஓர்வியெத்தோவில் மதியச் சாப்பாட்டைத் தவறவிடாதீர்கள்

ரோமிலிருந்து குழந்தைகளோடு ஒரே நாளில் போய்வர ஒரு மலையூர் கேட்டால், இத்தாலியின் உம்பிரியா பகுதியில் உள்ள ஓர்வியெத்தோவைத்தான் சொல்வேன். எரிமலைச் சாம்பல் இறுகிய பாறைமேட்டின் மேல் ஊர், அடிவாரத்தில் ரயில் நிலையம், இரண்டுக்கும் நடுவே கம்பிவட ரயில். சாதாரண ரயிலில் ரோமிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் ஆகும். காகிதப் பயணச்சீட்டு என்றால் ஏறும் முன் நிலையத்து இயந்திரத்தில் முத்திரை போட மறக்காதீர்கள்; இல்லையேல் அபராதம்.

பெரிய தவறு இது: பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துவிட்டு நிதானமாகச் சாப்பிடலாம் என்று நினைப்பது. இங்கே பெரும்பாலான உணவகங்களில் அடுப்பு பன்னிரண்டரைக்கு மேல் எரியும். இரண்டரை வாக்கில் அணைந்துவிடும். பிறகு இரவு ஏழரைக்குத்தான். மூன்று மணிக்குப் பசியோடு நின்றால் ஐஸ்கிரீமும் ஆறிப்போன சாண்ட்விச்சும்தான் மிச்சம். அதனால் முதலில் ஒரு மணிக்கு மேசை சொல்லிவையுங்கள். மற்றதை அதைச் சுற்றி அமைக்கலாம்.

கேட்க வேண்டியது உம்ப்ரிகெல்லி. மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துக் கையால் உருட்டிய தடித்த பாஸ்தா இது. காட்டுப்பன்றிக் குழம்போடும் வரும், ட்ரஃபிள் காளானோடும் வரும். சைவர்கள் ‘தக்காளிதானே’ என்று அமாத்ரிச்சானா குழம்புள்ள பாஸ்தாவைச் சொல்லிவிடக்கூடாது. அதில் பன்றிக் கன்னக்கொழுப்பு இருக்கும். பூண்டும் மிளகாயும் போட்ட அராபியாத்தா ஏற்றது, காரமும் நம் நாக்குக்குப் பிடிக்கும். பெக்கொரீனோ பாலாடைக்கட்டியில் பாலைத் திரிக்கப் பெரும்பாலும் ஆட்டுக்குட்டி இரைப்பையின் ரென்னட் சேர்ப்பதால், கண்டிப்பான சைவர்கள் ‘சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ’ (பாலாடைக்கட்டி இல்லாமல்) என்று சொல்லிவிட வேண்டும். பேக்கரியில் நத்தை வடிவில் இருக்கும் லுமகெல்லாவிலும் பன்றி இறைச்சித் துண்டுகள் உண்டு. சின்னக் குழந்தைக்கு வெண்ணெய் மட்டும் போட்ட ‘பாஸ்தா இன் பியாங்கோ’ கேளுங்கள். மெனுவில் இல்லாவிட்டாலும் செய்து தருவார்கள்.

ரொட்டியில் உப்பே இருக்காது. பழையது என்று ஒதுக்கிவிடாதீர்கள். உப்பு தூக்கலான ஹாமோடும், தட்டில் மிஞ்சிய குழம்பைத் துடைத்தும் சாப்பிடத்தான் அந்த ரொட்டி. 1540இல் போப் மூன்றாம் பால் உப்பு வரியை ஏற்றியதால் பெருஜியா நகரம் கிளர்ந்தெழுந்தது, அந்தக் கோபத்தில் உப்பை விட்டார்கள் என்று உம்பிரியாவில் சொல்வதுண்டு. கிளர்ச்சி உண்மை; ரொட்டிக் கதையை வரலாற்றாளர்கள் ஏற்பதில்லை. பில்லில் ‘கொப்பெர்த்தோ’ என்று தலைக்கு ஓரிரு யூரோ இருந்தால் சண்டை வேண்டாம். அது மேசைக் கட்டணம், ஏமாற்று அல்ல.

புறா இறைச்சி இவ்வூரின் பழைய உணவு. பாறைக்குள் குடைந்த குகைகளில், சுவரெங்கும் சதுரப் பொந்துகள் வெட்டிப் புறா வளர்த்திருக்கிறார்கள். குகைகளை வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும், நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். இதைப் பார்த்தபின் சாப்பிட உட்கார்ந்தால், மெனுவில் புறா ஏன் இருக்கிறது என்று பிள்ளைகளுக்கே புரியும்.

புனித பேட்ரிக் கிணற்றைச் சாப்பாட்டுக்குப் பின் வைக்காதீர்கள். 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது இங்கே தஞ்சம் புகுந்த போப் ஏழாம் கிளெமென்ட் வெட்டச் சொன்ன கிணறு அது. 248 படி இறங்கி, அதே அளவு ஏற வேண்டும். தண்ணீர் எடுக்க இறங்கும் கழுதையும் ஏறும் கழுதையும் எதிர்ப்படாதபடி இரண்டு சுருள் பாதைகள். தள்ளுவண்டி உள்ளே போகாது. கம்பிவட ரயில் ஏறி வந்ததும் பக்கத்திலேயே இருப்பதால் அதைக் காலையில் முடித்துவிடலாம். 1290இல் தொடங்கிய கதீட்ரலில் ஓவியர் சிஞ்ஞொரெல்லியின் சுவரோவியங்களைப் பிற்பகலில் பாருங்கள். ஞாயிறு காலை வழிபாட்டு நேரம்.

அதே நாளில் பக்கத்து மலையூரான சிவித்தா தி பாஞ்ஞொரேஜியோவையும் சேர்க்க ஆசை வரும். பேருந்துகள் மிகக் குறைவு. அந்த ஊருக்குள் போக நீண்ட நடைபாலத்தில் ஏறவும் வேண்டும். அதற்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள்.