அடைக்கோழி எழுந்து வந்தால் கோழியைத் திட்டாதீர்கள்

போன வாரம் எதிர்வீட்டுத் தம்பி வேலியோரம் வந்து நின்றான். ஆசைப்பட்டுச் சிறுவிடைக் கோழி வாங்கி வளர்க்கிறவன். "பன்னெண்டு நாளா ஒழுங்கா உக்காந்திருந்துச்சிக்கா. இன்னிக்கிக் காலையிலேருந்து கூடைக்கே போவ மாட்டேங்குது. அடைக்கு ஆவாத ஜாதி போலருக்கு. வேற கோழிய வச்சிரவா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன்.

கூண்டைச் சாத்த மறந்தது, கீரிப்பிள்ளை தூக்கிப்போனது எல்லாம் பட்டாலே புத்தி வந்துவிடும். கோழி ரத்தம் குடிக்கிற பொடிப்பூச்சியான செல்லு விஷயத்தில் பட்டாலும் வருவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

கோழிக்கு வைத்தியம் பார்த்துவிட்டுக் கூடையை விட்டுவிடுவது

அன்றைக்கு 13 முட்டை வைத்தேன். கறுப்புக் கோழி, நல்ல தாய்க்கோழி. பதினைந்தாம் நாள் எழுந்து வந்துவிட்டது. கொண்டை வெளுத்துப்போயிருந்தது. இறகை விலக்கிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. இருக்கட்டும் என்று வசம்புத்தூளும் வேப்பெண்ணெயும் தடவினேன். அப்புறம் 'இது சரிப்படாது' என்று, அதே கூடையில், அதே வைக்கோலில், புதிதாக 11 முட்டையோடு சிவப்புக் கோழியை உட்கார வைத்தேன். அது ஒன்பது நாள்கூடத் தாங்கவில்லை.

மாமியார் அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி கூடையை எடுத்து வந்து, வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து அதன்மேல் தட்டினார். மிளகுத்தூள் கொட்டியதுபோல் விழுந்தது. விழுந்த தூள் நாலா பக்கமும் ஓடியது. விரலால் ஒன்றை நசுக்கினேன், ரத்தம். கோழியின் ரத்தம்.

கோழிச்செல்லு கோழியின் மேல் குடியிருப்பதில்லை. பகலெல்லாம் மூங்கில் பிளவிலும், முடைந்த இடுக்கிலும், வைக்கோலுக்கு அடியிலும் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கிடக்கும். அளவு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. இருட்டியதும் ஏறிக் குடித்துவிட்டுச் சிவந்துபோய்த் திரும்ப இறங்கிவிடும். பகலில் கோழியைத் தூக்கிப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று சொல்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஏமாறுகிறார்கள். மற்ற கோழியாவது பகலில் மேயப் போய்விடும். அடைக்கோழி இரவும் பகலும் அந்தக் கூடையிலேயே கிடக்கிறது. எழுந்து வராமல் என்ன செய்யும்?

வைக்கோலைக் கொளுத்துங்கள். பழைய கூடை என்றால் அதையும் சேர்த்து. மரக்கூண்டு, மூங்கில் கூண்டு என்றால் கோழிகளை வெளியேற்றிவிட்டு, ஒவ்வொரு கணுவிலும் இடுக்கிலும் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுங்கள். காய்ந்தபின் சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்து, விரிசல்கள் அடைபடும்படி பூசுங்கள். இதை ஒரு தடவை செய்துவிட்டு 'போய்விட்டது' என்று உட்காரக் கூடாது. நம் ஊர் வெக்கைக்குச் செல்லின் முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிந்து, ஒரு வாரத்தில் அதுவே முட்டையிடத் தயாராகிவிடும். ஆகவே ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று தடவை.

'கூண்டைக் கொஞ்ச நாள் காலியாகப் போட்டால் பட்டினியில் செத்துவிடும்' என்பார்கள். நானும் போட்டுப் பார்த்தேன். ரத்தமில்லாமலே மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கிற பிராணி அது.

இருபத்து நாலு முட்டை போனதுகூடப் பெரிதில்லை. கறுப்புக் கோழி தேறவில்லை. அதை நான் 'சோம்பேறி' என்று திட்டியிருந்தேன்.

பேனும் செல்லும் ஒன்று என்று நினைப்பது

பேன் பகலிலும் கோழியின் மேலேயே இருக்கும். ஆசனவாய்ப் பக்கத்து இறகின் அடியில் கொத்தாக முட்டை ஒட்டியிருந்தால் பேன். அதற்குக் கோழிக்குத்தான் வைத்தியம். உடம்பிலேயே குடியிருக்கிற இன்னொரு வகைச் செல்லும் உண்டு. ஆகவே பகலில் ஒரு தடவை, ராத்திரி டார்ச்சோடு ஒரு தடவை பாருங்கள்.

வயலுக்கு அடிக்கிற மருந்தைத் தெளிப்பது

வேண்டாம். மோனோகுரோட்டோபாஸ் பறவைக்குக் கடும் விஷம்.

கூண்டு கழுவிய தண்ணீரைக் குளத்தில் விடுவது

மாட்டுண்ணிக்குத் தரும் டெல்டாமெத்ரினைக் கூண்டுக்கும் அடிக்கிறார்கள். எவ்வளவு கலப்பது, அடித்தபின் எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் பக்கத்து ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆனால் அந்த மருந்து மீனுக்கு எமன். நம் பக்கம் எந்தத் தண்ணீரை ஊற்றினாலும் கடைசியில் ஒரு வாய்க்காலுக்கோ குளத்துக்கோதான் போகும். மேட்டு மண்ணில் குழிவெட்டி ஊற்றுங்கள்.

ஐப்பசியில் உமிச்சாம்பலை நம்புவது

ரைஸ்மில் சாம்பலைக் குழியில் கொட்டினால் கோழி தானாகப் புரண்டு குளிக்கும், நல்லதுதான். ஈரம் பட்டால் அது வெறும் சேறு. நொச்சித்தழையும் அப்படித்தான்: புதுக்கூடைக்குக் காவல் இருக்கும், செல்லு பிடித்துவிட்ட கூடையில் அதற்கு வேலையில்லை.

சந்தைக் கோழியை அன்றே கூண்டில் விடுவது

இரண்டு வாரம் தனிப் பஞ்சாரம்.

தம்பியின் கூடையை அன்று ராத்திரியே தட்டிப் பார்த்தோம், அதே மிளகுத்தூள். முட்டைகளைக் கழுவாமல், உலர்ந்த துணியால் துடைத்து, என் வீட்டுப் புதுக்கூடையில் அடையிலிருந்த கோழிக்குக் கீழே மாற்றி வைத்தேன். பகல் முழுக்க ஆறிக்கிடந்த முட்டை. எத்தனை உயிரோடு இருக்கிறதோ தெரியாது. இன்றோடு பத்தொன்பது நாள். அவன் காலையிலேயே இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.