பாட்டியின் மொழியில் ஒரு பாடம்

கோத்தகிரியில் எங்கள் வீட்டில் மாமியாரும் கணவரும் பிள்ளைகளிடம் படுகு, அதாவது நீலகிரி படுகர்களின் மொழி, பேசுவார்கள். நான் மேட்டுப்பாளையத்துக்காரி; என்னிடம் தமிழ். நான் டீச்சர் என்பதால் ஊர்க்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: இரண்டையும் போட்டால் குழந்தை குழம்பாதா?

குழம்பாது. ஆனால் 'வா, சாப்பிடு, தூங்கு' என்பதற்கு மட்டும் ஒரு மொழி இருந்தால், பிள்ளை வளர வளர அது உதிர்ந்துவிடும். அந்த மொழியில் ஏதாவது ஒன்றைப் படித்தாக வேண்டும்.

பெர்லினில் 1992-ல் தொடங்கிய அரசு ஐரோப்பியப் பள்ளிகளில் இதைத்தான் செய்கிறார்கள். அங்கே ஜெர்மனும் ரஷ்யனும் சேர்ந்த பிரிவு உண்டு. கார்ல்ஸ்ஹோர்ஸ்டில் உள்ள லெவ் டால்ஸ்டாய் தொடக்கப் பள்ளி அப்படிப்பட்டது. வகுப்பில் ஏறக்குறைய பாதிப் பேர் ஜெர்மன் வீட்டுப் பிள்ளைகள், பாதிப் பேர் ரஷ்யன் வீட்டுப் பிள்ளைகள் என்பது திட்டம். கணக்கு ஜெர்மனில். சுற்றுப்புற அறிவியல் ரஷ்யனில்.

நம் வீட்டில் அந்த அறிவியல் பாடத்தைப் பாட்டியிடம் விடுங்கள். உருளைக்கிழங்குக்கு மண் அணைக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஏன் அணைக்கிறோம், வெயில் பட்ட கிழங்கு ஏன் பச்சையாகிறது, எல்லாம் படுகில். மார்கழியில் சாயந்திரம் வானம் மேகமில்லாமல் தெளிந்து, காற்றும் அடங்கிவிட்டால் விடியலில் உறைபனி இறங்கும் என்பதையும் அவரே சொல்லட்டும். ராத்திரி அப்பா வந்ததும் பிள்ளை அதைப் படுகிலேயே திருப்பிச் சொல்ல வேண்டும். இந்தத் திருப்பிச் சொல்வதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மொழி வளர்வது அங்கேதான்.

பிள்ளை பாட்டியிடம் தமிழில் "கிழங்கு அழுகிடுச்சு" என்றால் அதட்ட வேண்டாம். பாட்டி படுகில் "அழுகிப்போச்சா? எந்தப் பக்கம்?" என்று கேட்டால் போதும். பதில் தானாகப் படுகுக்குத் திரும்பும். திரும்பாவிட்டாலும் பேச்சு நிற்கக் கூடாது.

வாய்ப்பாடு ஒரே மொழியில், பள்ளி மொழியில் இருக்கட்டும். ஜெர்மனில் இருபத்தொன்றை 'ஒன்றும் இருபதும்' என்றுதான் சொல்வார்கள். ரஷ்யனில் நம்மைப் போல இருபது முன்னால் வரும். இரண்டையும் ஒரே நேரத்தில் மனப்பாடம் செய்யச் சொன்னால் சின்னப் பிள்ளை 21-ஐ 12 என்று எழுதிவிடலாம்.

எழுத்துக்கு அவசரம் வேண்டாம். பெர்லினில் முதலில் பிள்ளையின் தாய்மொழியில்தான் வாசிக்கக் கற்றுத் தருகிறார்கள். அது பிடிபட்ட பிறகே மற்றது. ரஷ்யனில் ஆங்கில 'பி' (P) போன்ற எழுத்துக்கு 'ர்' ஒலி, 'எச்' (H) போன்றதற்கு 'ன்' ஒலி. முதல் எழுத்து மனதில் நிற்பதற்குள் அடுத்ததைத் திணித்தால் எந்தப் பிள்ளையும் தடுமாறும். எங்கள் வீட்டிலும் தமிழ் சரளமாக வாசிக்க வந்த பிறகுதான் பாட்டி சொன்ன கதைகளைத் தமிழ் எழுத்தில் படுகாக எழுத வைத்தேன். 'ஹ' நிறைய வரும். அதை முன்கூட்டியே பழக்கிவிடுங்கள்.

பெரியவர்கள் மட்டும் பேசும் மொழி பிள்ளைக்கு ஒட்டாது. லீவு விட்டதும் ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், இருக்கும் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளோடு நாலு நாள் விளையாட அனுப்புங்கள், நீங்கள் கூடப் போகாமல்.