புது போக்கர் ஆட்டம் இறக்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. தோட்டத்துச் சாளையில் பவானி ஜமுக்காளம் விரித்தாயிற்று. ரம்மி சலித்துப்போய் ஹோல்டம் (கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து வைத்து ஆடும் போக்கர்) பழகிய கூட்டம். அதில் ஒருவர், "இன்னைக்குப் புதுசா ஒண்ணு ஆடலாமுங்க" என்று ஆரம்பிப்பார். ஒன்பது மணிக்குள் மாமனும் மாப்பிள்ளையும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. ஆட்டத்தின் மேல் குற்றமில்லை, அதை இறக்கிய விதத்தில்தான் கோளாறு. சீட்டைச் சாய்த்துக் காட்டாதே, முறை வருமுன் ஆடாதே என்பதெல்லாம் ரம்மியில் கை தேர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தடுத்த வீடுகளில் அச்சு மாறாமல் நடக்கிற தவறுகள் வேறு.

மூணு சீட்டு வரிசையோடு உட்கார வைப்பது

மூணு சீட்டில் சீக்வென்ஸ் கலரை (மூன்றும் ஒரே சின்னம்) வெல்லும். மூன்று சீட்டில் சீக்வென்ஸ் 720 விதமாகத்தான் அமையும், கலர் 1,096 விதம். ஐந்து சீட்டு என்று வந்ததும் கணக்கு தலைகீழ்: ஸ்ட்ரெய்ட் (அடுத்தடுத்த ஐந்து) 10,200, பிளஷ் (ஐந்தும் ஒரே சின்னம்) 5,108. அதனால் போக்கரில் பிளஷ்தான் மேலே. ஏஸ்-2-3 அங்கே இரண்டாவது பெரிய சீக்வென்ஸ். இங்கே ஏஸ்-2-3-4-5 ஸ்ட்ரெய்ட்டிலேயே கடைசி. பழைய வரிசை மனதில் இருக்கும்போது புது ஆட்டம் சொன்னால் இரண்டும் கலந்துவிடும். பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் போக்கர் வரிசையைப் பெரிய எழுத்தில் எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் சாய்த்து வையுங்கள்.

"ஹோல்டமேதானுங்க, ரெண்டு சீட்டு சேர்த்தி"

ஒமாஹாவை இந்த ஒரு வரியில் அறிமுகம் செய்வதுதான் ஆகப் பெரிய தப்பு. சொல்கிறவருக்குச் சுலபம், கேட்கிறவருக்கு நஷ்டம். ஹோல்டமில் கையில் இருப்பதில் இரண்டு, ஒன்று எடுக்கலாம், ஒன்றுமே எடுக்காமலும் இருக்கலாம். ஒமாஹாவில் கையில் நான்கு சீட்டு. அதில் இரண்டே இரண்டு, நடுச்சீட்டு ஐந்தில் மூன்றே மூன்று. ஒன்று கூடாது, குறையாது. இதைச் சொல்லாமல் விட்டவர்களைவிட, வாயால் ஒரு தரம் சொல்லிவிட்டு "சொன்னேனில்ல" என்று கடைசியில் கேட்கிறவர்கள்தான் இன்னும் எரிச்சல். வாயால் சொன்னால் இது ஏறாது. ஹோல்டம் பழகிய கண் நடுவில் நாலு ஆட்டின் பார்த்ததும் கையிலிருக்கும் ஆட்டின் ஏஸை நோக்கித்தான் ஓடும்.

"ஏனுங் மாமா, பிளஷ்தானுங்களே?"

"உங்க கையில எத்தனை ஆட்டினுங் மாப்பிள்ளை?"

ஒன்றுதான். நடுவில் ஆட்டின் ராஜா, 9, 4, 2, ஸ்பேடு 7. கையில் ஆட்டின் ஏஸ், ஸ்பேடு ஏஸ், கிளாவர் ராணி, டைமண்ட் ஜாக்கி. பிளஷ் இல்லை, ஏஸ் ஜோடி மட்டும். அதற்குள் அவர் இருந்ததையெல்லாம் உள்ளே தள்ளியிருப்பார்.

இன்னும் மோசமானது மூன்று எட்டு விழும் நடுச்சீட்டு. 8-8-8-ராஜா-3 இருக்கிறது, கையில் ராஜா, ராணி, ஜாக்கி, 10. ஹோல்டம் கண்ணுக்கு மூன்று எட்டும் இரண்டு ராஜாவுமாக புல்ஹவுஸ். ஒமாஹாவில் நடுவிலிருந்து மூன்று எட்டையும் எடுத்துவிட்டால் நடு ராஜாவுக்கு இடமில்லை. மிஞ்சுவது மூன்று எட்டு, ராஜா, ராணி. எதிரே கையில் சாதாரண 5-5 ஜோடி வைத்திருப்பவருக்குத்தான் புல்ஹவுஸ். கையில் மூன்று ஏஸ் வந்தாலும் துள்ள வேண்டாம்: இரண்டுதான் செல்லும், மூன்றாவது நீங்களே பூட்டி வைத்துக்கொண்ட ஏஸ்.

செய்ய வேண்டியது இது. முதல் மூன்று கை பந்தயமே இல்லாமல், எல்லோர் சீட்டையும் திறந்து போடுங்கள். ஒவ்வொருவரும் தன் நான்கிலிருந்து இரண்டை முன்னால் தள்ளி, நடுச்சீட்டில் மூன்றைத் தொட்டுக் காட்ட வேண்டும். மேலே சொன்ன இரண்டு நடுச்சீட்டையும் வேண்டுமென்றே அடுக்கி வைத்துக் கேளுங்கள். பாதிப்பேர் தடுக்கி விழுவார்கள், காசில்லாமல் விழட்டும். அன்று இரவு முழுக்க, சீட்டு இறக்கும்போது இரண்டைத் தள்ளிக் காட்டுவது கட்டாயம். "எனக்கு பிளஷ்" என்று வாயால் சொன்னது செல்லாது.

இன்னொரு கோணல் பந்தய அளவில். நான்கு சீட்டில் ஆறு ஜோடிச் சேர்க்கை இருப்பதால் எல்லோருக்கும் ஏதோ ஒன்று அமையும்; ஹோல்டமில் ஜெயிக்கும் இரண்டு ஜோடி இங்கே வெறும் வேடிக்கை. ஒமாஹா பெரும்பாலும் பாட் லிமிட்டில், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயத்தின் (பாட்) அளவுக்கு மேல் ஏற்ற முடியாதபடி, ஆடுவது. அந்தக் கணக்கு முதல் நாளே வராது: பாட்டில் 100 இருக்க ஒருவர் 50 போட்டால் அடுத்தவர் அதிகபட்சம் 250 போடலாம் (50 ஈடு செய்ததும் பாட் 200, அதன்மேல் ஒரு 200). முதல் இரவுக்கு நிலையான பந்தயம் போதும். பிளைண்ட் (சீட்டு பார்க்குமுன் இருவர் கட்டாயமாகப் போடுவது) 1-2, முதல் இரண்டு சுற்றில் 2, கடைசி இரண்டில் 4, ஒரு சுற்றுக்கு மூன்று ஏற்றம்.

தலையை எண்ணாமல் சீட்டு போடுவது

ஏழு சீட்டு ஸ்டட்டுக்கு (நடுச்சீட்டு இல்லாமல் ஆளுக்கு ஏழு) எட்டுப் பேர் உட்கார்ந்தால் 56 சீட்டு வேண்டும், கட்டில் 52. சிலர் இடையில் விலகுவார்கள் என்று நம்பி ஆரம்பிக்கலாம். விலகாவிட்டால் கடைசிச் சீட்டை ஒன்றே ஒன்றாக நடுவில் திறந்து எல்லோருக்கும் பொதுவாக்குவது வழக்கம். அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஐந்து சீட்டு டிராவுக்கு (வேண்டாததைக் கொடுத்து மாற்றிக்கொள்ளும் ஆட்டம்) ஆறு பேர்தான் வசதி: 30 சீட்டு கையில், ஆளுக்கு மூன்று மாற்றினால் 18, ஆக 48. ஏழாவது ஆள் வந்தால் 56. ஒமாஹா பத்துப் பேரையும் தாங்கும்: கையில் 40, நடுவில் 5, நடுச்சீட்டு திறக்குமுன் கவிழ்த்து ஒதுக்குவது 3. ஐந்து சீட்டு ஒமாஹா என்றால் எட்டோடு நிறுத்துங்கள்.

ஒரே கைக்கு ஆட்டத்தை மாற்றுவது

சீட்டு போடுகிறவர் தனக்குப் பிடித்ததைச் சொல்லி ஒரு கையோடு மாற்றினால், கடைசியில் பேசும் வசதியும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் ஒருவருக்கே போகிறது. ஆறு பேர் இருந்தால் ஆறு கை, எல்லோரும் ஒரு தரம் சீட்டு போட்ட பிறகே அடுத்த ஆட்டம். ஒரு இரவுக்கு இரண்டு புதுசுக்கு மேல் வேண்டாம். முதலாவது அன்னாசி ஆட்டமாக இருக்கட்டும்: கையில் மூன்று சீட்டு, நடுச்சீட்டு திறக்குமுன் ஒன்றைக் கழித்துவிட்டால் மீதி ஹோல்டம்தான்.

ஹை-லோ முதல் நாளே

பெரிய கையும் சின்னக் கையும் பாட்டைப் பாதிப்பாதி பங்கிடும் ஆட்டம். வேண்டாம்.

ஜோக்கர் சேர்ப்பது

ரம்மிக்கு அழகு. இங்கே சேர்த்தால் ஐந்தும் ஒரே சீட்டு என்று ஒரு புது வரிசை முளைக்கும். அட்டையை மறுபடி எழுத வேண்டும்.

காசு

ஆளுக்கு 100 புளியங்கொட்டை. அவ்வளவுதான்.

36 சீட்டு ஆட்டத்தில் வரிசையை மாற்ற மறப்பது

2 முதல் 5 வரை பதினாறையும் எடுத்துவிட்டால் பிளஷ் 480 விதமாகக் குறைகிறது, புல்ஹவுஸ் 1,728. ஆகவே பிளஷ் புல்ஹவுஸை வெல்லும். ஏஸ்-6-7-8-9 சின்ன ஸ்ட்ரெய்ட். மூன்று ஒரே சீட்டை ஸ்ட்ரெய்ட்டுக்கு மேலே வைக்கிறவர்களும் உண்டு, கீழே வைக்கிறவர்களும் உண்டு. எதுவென்று அட்டையில் எழுதிய பிறகே கலையுங்கள். எடுத்த பதினாறையும் ரப்பர் பேண்ட் போட்டு டப்பாவுக்குள்ளேயே வையுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் மதியம் ரம்மிக்கு உட்காரும் பெரியவர்கள் அரை மணி நேரம் 4-க்குக் காத்திருந்துவிட்டு, கட்டை எண்ணிப் பார்த்து, ராத்திரி ஆடியது யார் என்று கேட்பார்கள்.