இத்தாலியக் கணவாயைச் சைக்கிளில் ஏறத் திட்டமிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியின் மலைப்பகுதிக்கு விடுமுறைக்கு வந்து, அதில் ஒரு நாளை ஒதுக்கிப் பெரிய கணவாய் ஒன்றைச் சாலைச் சைக்கிளில் ஏறிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் ஒவ்வொரு கோடையிலும் புதிதாக வருகிறார்கள். தொடக்க காலத்தில் நாங்கள் செய்த அதே பிழைகளை அவர்களும் செய்வதைப் பார்க்கும்போது பேசாமல் இருக்க முடியவில்லை. தண்ணீர், டயர்க் காற்று போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சராசரிச் சாய்வை நம்பி மலையையும் கியரையும் தேர்வது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். பிராத்தோ ஊரிலிருந்து ஸ்டெல்வியோ கணவாய்க்கு ஏறத்தாழ 24 கி.மீ. தொலைவு, 1,800 மீட்டர் ஏற்றம். சராசரிச் சாய்வு சுமார் 7.5 சதவீதம். டோலமைட் மலையில் கப்ரிலேயிலிருந்து ஃபெதாயா கணவாய்க்கு 14 கி.மீ., 1,050 மீட்டர். இதற்கும் அதே 7.5 சதவீதம். எண்ணை மட்டும் பார்ப்பவர், ஸ்டெல்வியோவில் பாதியளவு உழைத்தால் ஃபெதாயா முடிந்துவிடும் என்று கணக்குப் போடுகிறார்.

உண்மை வேறு. ஸ்டெல்வியோ சாலையைப் பொறியாளர் கார்லோ தொனேகானி 1820 முதல் 1825 வரை, குதிரை வண்டிகள் ஏறும் காலத்தில் அமைத்தார். 48 கொண்டை ஊசி வளைவுகள் உயரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதால், சீரான வேகத்தில் மிதிப்பவருக்கு அந்த மலை நீளமானதே தவிர முரட்டுத்தனமானது அன்று. ஃபெதாயாவோ கீழ்ப்பகுதியில் மெதுவாக உயர்ந்து, இடையிடையே ஏறக்குறைய சமதளமாகவும் ஓடி, மால்கா சாபேலா என்ற இடத்துக்கு மேல் கடைசி ஐந்தரை கி.மீட்டரில் மட்டும் 600 மீட்டர் ஏறுகிறது. அதாவது 11 சதவீதம். அதிலும் வளைவே இல்லாத நீண்ட நேர்ச்சாலை ஒன்று உண்டு. சாய்வு சில இடங்களில் 18 சதவீதத்தைத் தொடுகிறது. முழுச் சாலையும் கண்ணெதிரே நிமிர்ந்து நிற்பதால், கால்களுக்கு முன்பே மனம் தளர்ந்துவிடும்.

அந்த நேர்ச்சாலையில், வாடகைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த ஒருவரோடு பேசியிருக்கிறேன். சமவெளியில் நன்றாக ஓட்டுபவர், பயிற்சியிலும் குறைவில்லை. கடையில் கொடுத்த சைக்கிளில் பின்பக்கப் பெரிய பல்சக்கரம் 28 பல். முன்பதிவின்போதே கேட்டிருந்தால், மிதிக்க எளிதான 34 பல் உள்ள கேசட்டை (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதியை) மாட்டிக் கொடுத்திருப்பார்கள். சராசரியைப் பார்த்துப் போதும் என்று நினைத்ததால் அவர் கேட்கவில்லை, கடைக்காரரும் எந்த மலை என்று விசாரிக்கவில்லை. ஒரு கேள்வியில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயத்தால் ஒருவருடைய விடுமுறையின் முக்கியமான நாள் வீணாவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

வேறுபாடு எவ்வளவு என்று பாருங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, முன்பக்கம் 34 பல், நிமிடத்துக்கு 60 மிதிப்பு, 11 சதவீதச் சாய்வு என்று வைத்துக்கொண்டால், பின்னால் 28 பல் இருக்கும்போது மிதிப்பவரிடமிருந்து ஏறத்தாழ 245 வாட் திறன் தேவை. 34 பல் இருந்தால் 200 வாட் போதும். முதல் அளவை அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கக்கூடியவர்கள் புதியவர்களில் மிகச் சிலரே. பாதியில் நின்றுவிட்டால், 15 சதவீதச் சாய்வில், பெடலில் பூட்டிக்கொள்ளும் காலணியை மீண்டும் பொருத்திக் கிளம்புவது அதைவிடக் கடினம்.

ஆகவே ஏற்றத்தின் வரைபடத்தைக் கிலோமீட்டர் கிலோமீட்டராகப் படியுங்கள். மிகச் செங்குத்தான மூன்று நான்கு கி.மீ. எங்கே வருகிறது, அதற்குள் எவ்வளவு களைத்திருப்பீர்கள் என்று பார்த்து, அந்தப் பகுதிக்காகக் கியரைத் தேர்ந்தெடுங்கள். சாலையின் தரத்தையும் எந்தச் சராசரியும் சொல்லாது: சூசா ஊரிலிருந்து ஏறும் கொல்லே தெல்லே ஃபினெஸ்த்ரே கணவாயின் கடைசி 8 கி.மீ. தார் போடாத சரளைப் பாதை.

வந்திறங்கிய மறுநாளே பெரிய ஏற்றம்

வேண்டாம். முதலில் சிறிய கணவாய் ஒன்று.

மதியம் கிளம்புவது

ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை வழக்கம். காலையிலேயே புறப்பட்டு, நண்பகலுக்குள் உச்சியைத் தாண்டிவிடுங்கள்.

இறக்கத்துக்கு உடை எடுக்காமல் போவது

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஆறு டிகிரிக்கு மேல் குறையும். பிராத்தோவில் 25 டிகிரி என்றால் ஸ்டெல்வியோ உச்சியில் 13 அளவில் இருக்கலாம். வியர்வையில் நனைந்த உடம்போடு காற்றில் இறங்கும்போது விரல்கள் மரத்து, பிரேக்கைப் பிடிக்கும் வலு போய்விடுகிறது. 1988 ஜூன் 5 அன்று இத்தாலியின் புகழ்பெற்ற ஜிரோ தி'இத்தாலியா சைக்கிள் பந்தயம் காவியா கணவாயைப் பனிப்பொழிவில் கடந்தபோது, குளிருக்கான உடைகளை முன்கூட்டியே வாங்கிவைத்திருந்த அணியைச் சேர்ந்த ஆண்டி ஹாம்ப்ஸ்டன்தான் அன்று முதலிடத்தவரின் இளஞ்சிவப்புச் சட்டையைப் பெற்றார். ஜூன் மாதம்தானே என்று யாரும் கையுறையை அறையில் விட்டுவிட்டு வர வேண்டாம்.

கணவாய் திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் அறை பதிவு செய்வது

ஸ்டெல்வியோவும் காவியாவும் குளிர்காலம் முழுவதும் மூடியிருக்கும். பனியைப் பொறுத்துத் திறக்கும் நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மே இறுதியை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

விளக்கில்லாமல் சுரங்கச் சாலைக்குள் நுழைவது

முன்னும் பின்னும் விளக்கு, ஊருக்கு வெளியே உள்ள சுரங்கத்தில் ஒளி எதிரொளிக்கும் மேலங்கி: இரண்டும் இத்தாலியச் சட்டப்படி கட்டாயம்.